பார்க்ளேயா, குதூசவா? 1812இன் இரண்டு தளபதிகள்

1812 ஜூனில் நெப்போலியன் நேமன் ஆற்றைக் கடந்தபோது, ரஷ்யாவின் முதலாம் மேற்குப் படை பார்க்ளே டி டோலியிடம் இருந்தது. போர் அமைச்சரும் அவரே. எல்லையில் மோதாமல் பின்வாங்கினார். காரணம் எளிது: எதிரி உள்ளே வர வர அவனுடைய தானிய வண்டிகள் பின்தங்கின, பச்சைத் தீவனம் தின்ற குதிரைகள் ஆயிரக்கணக்கில் செத்தன. ஆனால் ஸ்மோலென்ஸ்க் நகரமும் கைவிடப்பட்டதும் பழி அவர்மேல் விழுந்தது. 'அந்நியன்' என்ற ஏச்சு வேறு. ஸ்காட்லாந்து வேர் கொண்ட பால்டிக் குடும்பம் அல்லவா.

ஆகஸ்ட் இறுதியில் ரஷ்யப் படைகளின் தலைமைப் பொறுப்பேற்ற குதூசவ் செய்ததும் பின்வாங்கல்தான்! நடுவே மாஸ்கோவுக்கு மேற்கே போரோடினோவில் ஒரு பெரும்போர், செப்டம்பர் 7இல்: ரஷ்யத் தரப்பில் மட்டும் 40,000க்கு மேல் சேதம். பிறகு மாஸ்கோவையும் விட்டார். மாஸ்கோவை அடுத்த ஃபீலி கிராமத்தில் நடந்த தளபதிகளின் ஆலோசனையில் அதற்காக வாதாடியவர் பார்க்ளேதான். குதூசவுக்கே உரிய சாதனை அதன்பின் வருகிறது. ரியாசான் சாலையில் போவதுபோல் போக்குக் காட்டி, மேற்கே திரும்பித் தருத்தினோவில் முகாமிட்டார். தூலாவின் ஆயுத ஆலைகளும் கலூகாவின் தானியக் கிடங்குகளும் காப்பாற்றப்பட்டன. அக்டோபரில் மாஸ்கோவை விட்டுக் கிளம்பிய எதிரியை மலோயரஸ்லாவெத்ஸ் என்ற ஊரில் வழி மறித்ததால், பிரெஞ்சுப் படை ஏற்கெனவே சூறையாடிய ஸ்மோலென்ஸ்க் சாலையிலேயே திரும்ப வேண்டியதாயிற்று. துரத்தியதில் வேகம் போதவில்லை. பெரெசினா ஆற்றைக் கடந்து நெப்போலியன் நழுவினார்.

திட்டத்துக்குப் பார்க்ளே, அதை நாட்டை ஏற்கவைத்ததற்குக் குதூசவ் என்பது என் கணக்கு. குதூசவ் 1813இல் இறந்தார். 1814இல் பாரிசில் நுழைந்த ரஷ்யப் படைக்குத் தலைமை தாங்கியவர் பார்க்ளே. பீட்டர்ஸ்பர்க் கசான் தேவாலயத்தின் முன் 1837 முதல் இருவருக்கும் சிலை உண்டு. உள்ளே கல்லறை குதூசவுக்கு மட்டும்.