1913-ஆ, நம்ம சென்னை செயலியா: மாநகராட்சியில் புகார் சொல்ல எது தேவலை?

தெருவிளக்கு எரியவில்லை, குப்பைத் தொட்டி வழிகிறது என்றால் சென்னை மாநகராட்சிக்குச் சொல்லப் பல வழி உண்டு. 1913 எண், நம்ம சென்னை செயலி, எக்ஸ் தளம், நேரில் போய் மனு. என் ஓட்டு செயலிக்குத்தான்.

1913 இரவு பகல் எந்நேரமும் எடுக்கப்படும் எண். மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை திறந்த ஆண்டும் 1913 என்பதால் மறக்காது. மரம் சாய்ந்தது, வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தது என்றால் இதைத்தான் அழைக்க வேண்டும். கொட்டும் மழையில் போட்டோ எடுத்துக்கொண்டிருக்க முடியாது. ஆனால் முகவரியை எதிர்முனையில் காதால் கேட்டுப் பதிகிறார்கள். 200 வார்டு உள்ள ஊரில் பிள்ளையார் கோயில் தெரு எத்தனை இருக்கும்? வார்டு எண், பின்கோடு இரண்டையும் முதலிலேயே சொல்லாவிட்டால் புகார் வேறு ஏரியாவுக்குப் போய்ச் சேரும்.

எக்ஸ் பதிவு பலர் கண்ணில் படும். ஆனால் கையில் புகார் எண் இல்லாமல் போட்டால் இடம் எது, என்ன விவரம் என்று கேட்டுத்தான் பதில் வரும். அதை இரண்டாவது ஆயுதமாக வைத்துக்கொள்ளுங்கள்.

உடைந்த மழைநீர் வடிகால் போன்ற பெரிய வேலைக்கு, வார்டு உதவிப் பொறியாளரை நேரில் பார்ப்பது நல்லது. மனுவை இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்கிவிடுங்கள். முத்திரை இல்லாத மனு, கொடுக்காத மனுதான்.

செயலியை நான் முன்னே நிறுத்துவது ஒரே காரணத்துக்காக: புகார் 'முடிக்கப்பட்டது' என்று வந்து, வேலை நடக்காமல் இருக்கும்போது நம் கையில் என்ன இருக்கிறது? செயலியில் போட்டிருந்தால் எண், தேதி, படம், இடம் நான்கும் இருக்கும்.

அதற்குப் புகாரை ஒழுங்காகப் போட வேண்டும். வீட்டுக்கு வந்து சாவகாசமாகப் பதிந்தால் வரைபடக் குறி வீட்டில் விழும். ஊழியர் அங்கே வந்து பார்த்து, ஒன்றும் இல்லை என்று மூடிவிடுவார். அந்த இடத்திலேயே நின்று பதியுங்கள். பக்கத்துக் கடைப் பலகை தெரிய ஒரு படம், கிட்டத்தில் ஒரு படம். விளக்கு என்றால் கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணை முதல் வரியிலேயே எழுதுங்கள். ஒரு புகாரில் ஒரே பிரச்சினை. விளக்கையும் குப்பையையும் சேர்த்து எழுதினால் மின் பிரிவு விளக்கைப் போட்டுவிட்டுப் புகாரை முடித்துவிடும், குப்பை அப்படியே கிடக்கும்.

பொய்யாக மூடினால் அன்றைய படத்தோடு, பழைய எண்ணைக் குறிப்பிட்டுப் புதிய புகார் போடுங்கள். அதுவும் நகரவில்லையா, 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு. 'இந்த எண் புகாரை முடித்தவரின் பதவி என்ன, எந்தத் தேதியில், என்ன நடவடிக்கை எடுத்தபின்' என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். புகார் எண் இல்லாமல் இந்தக் கேள்வியை இவ்வளவு கூர்மையாகக் கேட்கவே முடியாது.

வாட்ஸ்அப் சேவையும் வந்திருக்கிறது. செயலி இறக்கத் தெரியாத பெரியவர்களுக்குச் சுலபம். புகார் விஷயத்தில் அது செயலிக்கு ஈடாகுமா என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு எனக்குப் பழக்கமில்லை.

எந்த வழியில் போனாலும் ஆள் மாறிப் போகாதீர்கள். குடிநீர், பாதாளச் சாக்கடை இரண்டும் குடிநீர் வாரியம் (044-4567 4567). மின்தடைக்கு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் (94987 94987). மழைநீர் வடிகால் மாநகராட்சி. சிக்கலே வடிகாலில் சாக்கடை ஓடும்போதுதான். 'சாக்கடை எங்களுடையதல்ல' என்று மாநகராட்சியும், 'வடிகால் எங்களுடையதல்ல' என்று குடிநீர் வாரியமும் சொல்ல இடமுண்டு. அப்போது இரண்டு இடத்திலும் பதிந்து, ஒன்றின் புகார் எண்ணை மற்றதில் எழுதிவிடுங்கள்.