செராமிக் பிரேக் பேடில் 31,000 கிலோமீட்டர்: வீல் பளிச், நான் கடுப்பு

போன வாரம் நண்பர் ஒருவர் தன் காரின் முன்சக்கரத்தைப் படம் எடுத்து அனுப்பி, "நீங்க செராமிக் பேட் போட்டீங்களே, அந்தக் கறுப்புத் தூசி குறைஞ்சுதா?" என்று கேட்டார். குறைந்தது என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். அவர் கேட்ட நேரம்தான் சரியில்லை. அதற்கு இரண்டு நாள் முன்புதான் என் வண்டியின் இடது முன்சக்கரத்தைக் கழற்றி வைத்துவிட்டு மெக்கானிக்கும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். அந்தக் கடுப்பில் எழுத ஆரம்பித்த பதில் இவ்வளவு தூரம் வந்துவிட்டது.

என் வண்டியில் இருப்பது வெள்ளி நிற அலாய் வீல், ஒவ்வொன்றிலும் பத்து மெல்லிய கம்பிகள். வாங்கும்போது அழகாகத்தான் தெரிந்தது. கழுவ உட்கார்ந்தபோதுதான் பத்துக் கம்பிக்கு இருபது பக்கவாட்டு என்ற கணக்கு புரிந்தது. கம்பெனியிலிருந்து வந்த பேட் இருந்த காலத்தில் ஞாயிறு கழுவினால் புதன்கிழமைக்குள் முன்சக்கரம் இரண்டும் அடுப்படிச் சுவர் மாதிரி ஆகிவிடும், பின்சக்கரம் பரவாயில்லாமல் இருக்கும். பிரேக் பிடிக்கும்போது எடையெல்லாம் முன்னால் சாய்வதால் வேலையில் ஏறத்தாழ 70 சதவீதம் முன் பிரேக்குக்குத்தான், தூசியும் அப்படியே. பழைய டூத் பிரஷ்ஷை வைத்து போல்ட் குழிக்குள் தேய்த்துவிட்டு எழுந்தால் முதுகு நிமிராது. விரலில் பட்ட கறுப்பு சோப்புக்கும் போகாது.

அந்தக் கறுப்பு பேடிலிருந்து மட்டும் வருகிறது என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். கம்பெனி பேட் லோ மெட்டாலிக் ரகம், அதாவது உலோகத் துகள் கொஞ்சம் கலந்தது. சக்கரத்தோடு சுழலும் தட்டான டிஸ்க்கைச் சுரண்டிப் பிடிப்பதுதான் அதன் வேலை. பெடலில் கால் பட்டதும் கவ்வும் அந்தச் சுகம் அங்கிருந்துதான் வருகிறது. ஆனால் சுரண்டும்போது வார்ப்பிரும்பு டிஸ்க்கும் கூடவே தேய்கிறது. சக்கரத்தில் ஒட்டுவதில் கணிசமான பங்கு டிஸ்க்கின் இரும்புதான். சூடாகத் தெறித்து வீலின் லாக்கர் பூச்சு மேல் ஒட்டிக்கொண்டு, மழைத் தண்ணீர் பட்டதும் அங்கேயே துருப்பிடித்து, பழுப்புப் புள்ளியாக உள்ளே இறங்கிவிடும். இதற்கென்று இரும்பைக் கரைக்கும் வீல் கிளீனர் இருக்கிறது. சக்கரம் ஆறியிருக்கும்போது அடிக்க வேண்டும், அடித்துக் கொஞ்ச நேரத்தில் ஊதா நிறத்தில் வழியும், அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டு அந்த ஊதா வழிவதைப் பார்ப்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

இடது முன்சக்கரத்தில் மட்டும் எப்போதும் ஊதா கொஞ்சம் அதிகம் வழியும். அதைப் பார்க்கத்தான் செய்தேன். பார்த்துவிட்டு, ஓரத்துப் புழுதி அந்தப் பக்கம் அதிகமாக இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பின்னால் இந்த விஷயத்துக்கு வருகிறேன்.

42,000 கிலோமீட்டரில் கம்பெனி பேட் மாற்றும் நிலைக்கு வந்தது. பெட்டியில் குறைந்த தூசி என்று பெரிதாகப் போட்டிருந்த செராமிக் பேட் ஒரு செட் வாங்கி முன்னால் இரண்டு பக்கமும் போடச் சொன்னேன். போட்டுக்கொண்டு வந்த முதல் நாளே பகீரென்றது. முதல் சிக்னலில் வழக்கமான அழுத்தம் கொடுத்தேன், வண்டி நிற்க யோசித்தது. நின்றது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கால் பழகிய இடத்தில் நிற்கவில்லை.

இதில் என் தப்பும் உண்டு. செராமிக் பேட் டிஸ்க் மேல் தன் பொருளை மெல்லிய படலமாகப் பூசிக்கொண்டு, அந்தப் படலத்தில்தான் பிடிக்கும். பழைய பேடின் படலம் இருக்கும் டிஸ்க்கிலேயே புதுப் பேடைப் போட்டு, மறுநாளே ஆபீஸுக்கு ஓட்டினால் அது எப்படிப் பிடிக்கும்? டிஸ்க்கைச் சுத்தமாகத் தேய்த்து எடுத்திருக்க வேண்டும், இல்லை புது டிஸ்க் போட்டிருக்க வேண்டும். அப்புறம் ஆளில்லாத சாலையில் 50, 60 வேகத்திலிருந்து 10 வரை நிதானமாகக் குறைத்து, முழுசாக நிறுத்தாமல், எட்டு பத்து முறை செய்துவிட்டு, கடைசியில் பிரேக்கைத் தொடாமல் கொஞ்ச தூரம் ஓட்டி ஆறவிட வேண்டும். சூடான பேடை டிஸ்க் மேல் அழுத்திப் பிடித்தபடி நின்றால் அந்த இடத்தில் மட்டும் திட்டாக ஒட்டிக்கொண்டு, பிறகு பிரேக் பிடிக்கும்போதெல்லாம் ஸ்டியரிங் நடுங்கும். மூன்று வாரம் நடுங்கவிட்டு, அதற்கப்புறம்தான் இதையெல்லாம் படித்துச் செய்தேன். சரியானது. ஆனாலும் குளிர்ந்த காலையில் முதல் இரண்டு பிரேக் மட்டும் இன்றைக்கும் கட்டை மாதிரிதான். ரிவர்ஸ் எடுக்கும்போது ஒரு சின்ன கீச் சத்தம் வேறு.

இவ்வளவு குறை சொல்கிறேனே தவிர, தூசி விஷயத்தில் அது சொன்னதைச் செய்தது. முதல் ஞாயிறு கழுவினேன். புதன் வந்தது, வெள்ளி வந்தது, அடுத்த ஞாயிறும் வந்தது. சக்கரத்தில் விரலை வைத்து இழுத்துப் பார்த்தால் மங்கலான சாம்பல் நிறப் பொடி, ஊதினால் பாதி போய்விடும். தண்ணீர்ப் பைப்பைக் காட்டினாலே மிச்சமும் ஓடிவிடும். டூத் பிரஷ்ஷைத் தூக்கி எறிந்தேன். மூன்று வாரம் கழுவாத வண்டியில் சக்கரம் மட்டும் பளிச்சென்று இருப்பதைப் பார்த்து, அடுத்தவர் வண்டியின் கறுத்த சக்கரத்தை இளக்காரமாகப் பார்க்கும் அளவுக்குப் போய்விட்டேன், அதை மறைக்க விரும்பவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும், பேட் தேய்கிறது என்றால் தேய்ந்தது எங்கேயோ போகிறது. செராமிக்கில் மொத்தத் தூசி குறைவு, டிஸ்க்கும் அவ்வளவாகச் சுரண்டப்படுவதில்லை, அது உண்மை. ஆனால் நம் கண்ணுக்குத் தெரியாமல் போவதற்கு இன்னொரு காரணம் அதன் வெளிர் நிறமும், அது ஒட்டிக்கொள்ளாததும். ஒட்டாதது காற்றில் போகும், ரோட்டில் விழும். ஐரோப்பாவில் 2024ல் நிறைவேறிய யூரோ 7 விதியில் முதல்முறையாக பிரேக் தூசிக்கும் வரம்பு வைத்திருக்கிறார்கள்: சாதாரண பெட்ரோல், டீசல் காருக்குக் கிலோமீட்டருக்கு 7 மில்லிகிராம், முழு எலக்ட்ரிக் காருக்கு 3. அந்த 7ஐ வைத்து வருஷத்துக்கு 15,000 கிலோமீட்டர் என்று கணக்குப் போட்டால் 105 கிராம், அதுவும் காற்றில் மிதக்கும் நுண்தூசி மட்டும். என் சக்கரம் சுத்தம் என்பதால் என் கணக்கு சுத்தம் என்று ஆகிவிடாது. சரி, அது வேறு பேச்சு.

இப்போது அந்த இடது சக்கரம். செராமிக் போட்ட பிறகு இடது வலது வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாமல் போனது. இடது பக்கம் சற்று மங்கலாக இருக்கும், அவ்வளவுதான், துடைத்தால் போய்விடும். புழுதிப் பிரச்சினையும் சேர்ந்தே தீர்ந்தது என்று சந்தோஷப்பட்டேன். போன மாதம் ஒருநாள் நெடுந்தூரம் ஓட்டிவிட்டு இறங்கி வண்டியைச் சுற்றி வரும்போது இடது சக்கரத்துப் பக்கம் ஒரு தீய்ந்த வாடை. கையை அருகில் கொண்டுபோனால் அனல். வலது பக்கம் வெதுவெதுப்புதான். அப்போதும் இரண்டு வாரம் தள்ளிப்போட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கழற்றினால் வலது பக்கம் உள் பேட், வெளிப் பேட் இரண்டும் 6 மில்லிமீட்டர். இடது பக்கம் வெளிப் பேட் 7, உள் பேட் 2. டிஸ்க்கின் இரண்டு பக்கமும் பேடை வைத்து அழுத்தும் கவ்விதான் கேலிபர். மெக்கானிக் அதன் ஸ்லைடு பின்னை இழுத்தார், வரவில்லை. ஸ்பேனரைக் கொடுத்துத் திருகித் திருகி வெளியே எடுத்தபோது, ரப்பர் உறை கிழிந்து தண்ணீர் புகுந்து, கிரீஸ் காய்ந்து பிசினாகி, பின்னின் முனை முழுக்கத் துரு. இந்தப் பின் வழுக்கினால்தான் கேலிபர் நகர்ந்து வெளிப் பேடையும் இழுத்துக்கொண்டு வரும், பிடித்து முடிந்ததும் தளரும். பின் சிக்கிக்கொண்டால், பேடைத் தள்ளும் பிஸ்டன் பக்கத்து உள் பேட் மட்டும் உழைத்துத் தேயும், விடும்போது முழுசாக விடவும் விடாது. "இது இன்னைக்கு நேத்து சிக்கினது இல்ல சார், ரொம்ப நாளாவே இறுகிட்டு வந்திருக்கு" என்றார். செராமிக் போட்ட ஒர்க்ஷாப்பில் பேடை மாற்றியபோது பின்னை ஒருமுறை வெளியே எடுத்துத் துடைத்து, ரப்பரைக் கெடுக்காத பிரேக் கிரீஸ் வைத்திருந்தால் முடிந்திருக்கும் வேலை. ஐந்து நிமிடம். பில்லில் மட்டும் பிரேக் சர்வீஸ் என்று தனியாக ஒரு வரி இருந்தது.

கோபம் அந்த ஒர்க்ஷாப் மேல்தான் வர வேண்டும், வந்தது. ஆனால் இந்த செராமிக் மேலும் வருகிறது, நியாயமில்லை என்று தெரிந்தும். பழைய பேட் வாராவாரம் இடது சக்கரத்தைக் கறுப்பாக்கி, ஊதாவாக வழிந்து, இங்கே பார் இங்கே பார் என்று காட்டிக்கொண்டே இருந்தது. நான் அதைக் கழுவிக் கழுவி ஊற்றினேன். கழுவ அலுப்பாக இருந்ததால் அது காட்டாமல் இருக்க வழி தேடி, காசும் கொடுத்தேன். செராமிக் பாவம், சொன்ன வேலையை ஒழுங்காகச் செய்தது.

அந்தச் சூட்டிலேயே பின், ரப்பர் உறை, புது டிஸ்க் எல்லாம் மாற்றி, பேட் மட்டும் மறுபடி கம்பெனி பேடே போடச் சொல்லிவிட்டேன். பெடல் பழையபடி கால் பட்டதும் கவ்வுகிறது, காலைக் கட்டைத்தனம் இல்லை, கீச் இல்லை. நாலாவது நாள் சக்கரத்தைப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒரே அளவுக் கறுப்பு. திருப்தியாகவும் இருந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது. புது டூத் பிரஷ் வாங்கியாகிவிட்டது.

நண்பருக்கு என்ன சொன்னேன் என்றால், செராமிக் தாராளமாகப் போடுங்கள், நிதானமாக ஓட்டுபவர் நீங்கள், உங்களுக்கு அது போதும். பேட் மாற்றும்போது பக்கத்திலேயே நின்று நாலு பின்னையும் கையால் தள்ளிப் பாருங்கள், வழுக்கவில்லை என்றால் வண்டியை எடுக்காதீர்கள். அப்படியே மற்ற முன்சக்கரத்தையும் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், எது அதிகக் கறுப்பு என்று பார்க்கலாம் என்றேன்.

கழுவிவிட்டாராம்.