ஆட்கள் வந்து பறிக்கும் பூந்தோட்டம்: சூரியகாந்தியா, ஜினியாவா?

வருகிறவர்கள் தாங்களே பூ வெட்டிக்கொண்டு போகும் சிறு தோட்டம் என்றதும் மனசுக்கு முதலில் வருவது சூரியகாந்திதான். நானும் அதில்தான் ஆரம்பித்தேன். இப்போது என் பாத்திகளில் முக்கால்வாசி ஜினியா.

சூரியகாந்தியின் கவர்ச்சியை நான் மறுக்கவில்லை. தூரத்திலிருந்தே ஆளைக் கூப்பிடும், படமும் நன்றாக விழும். இரண்டையும் நேரடியாக விதைக்கலாம், இரண்டுக்கும் நல்ல வெயில் வேண்டும். அதிலெல்லாம் பெரிய வித்தியாசம் கிடையாது.

வித்தியாசம் வெட்டிய பிறகுதான் தெரியும். வெட்டுப்பூவுக்கான ஒற்றைத்தண்டு சூரியகாந்தி ரகங்கள் விதைத்து ஏறக்குறைய 50 முதல் 60 நாளில் பூக்கும். செடிக்கு ஒரு பூ, வெட்டினால் அதோடு சரி. ஒரே நாளில் விதைத்தது ஏறத்தாழ ஒரே சமயத்தில் பூத்து, ஒரே சமயத்தில் தலை கவிழும். முதல் பருவத்தில் மொத்த நிலத்தையும் ஒரே நாளில் விதைத்துவிட்டேன். பூத்த வாரம் திருவிழாக் கூட்டம். அடுத்த வாரம் வந்தவர்களுக்கு மொட்டைத் தண்டுகளைத்தான் காட்ட முடிந்தது. அதனால் 7 முதல் 10 நாளுக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக விதைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் ஒருமுறை விதைத்ததைப் பறவை தின்றுவிட்டால், அந்த இடைவெளி இரண்டு மாதம் கழித்து, ஆட்கள் வாசலில் நிற்கும்போது தெரியவரும்.

ஜினியா வெட்ட வெட்டத் துளிர்க்கும். செடி 20, 30 செ.மீ. வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் அடியிலிருந்தே கிளை பிரியும். அதன் இலைகள் எதிரெதிராக இருப்பதால், ஒரு கணுவுக்குச் சற்று மேலே வெட்டினால் அங்கிருந்து இரண்டு கிளை வரும். காசு கொடுத்துப் பூ வெட்டுகிறவரே நமக்குக் கவாத்தும் செய்துவிட்டுப் போகிறார்! ஆனால் செடி பாழாகுமோ என்று பயந்து பூவுக்குக் கீழே நாலு விரல் விட்டு வெட்டுகிறவர்கள்தான் அதிகம். கீழே போய் வெட்டுங்கள் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு தண்டை வெட்டிக் காட்ட வேண்டியிருக்கிறது. கூடவே, பூவுக்கு ஒரு சாண் கீழே பிடித்து ஆட்டிப் பார்க்கவும் சொல்கிறேன். தண்டு விறைப்பாக நின்றால் வெட்டலாம். கழுத்து துவண்டால் இன்னும் முற்றவில்லை, ஜாடியில் நிற்காது. யாரும் வராத நாட்களில் வாடிய தலைகளை நானே வெட்டிப் போட வேண்டும். விதை கட்டிவிட்டால் புதுப் பூ குறைந்துவிடும்.

ஜினியாவின் பெரிய தொல்லை சாம்பல் நோய். நெருக்கி நட்டால் பருவக் கடைசியில் இலையெல்லாம் மாவு பூசினாற்போல் ஆகிவிடும். 30 செ.மீ. இடைவெளி விட்டு, இலை நனையாமல் வேருக்கு மட்டும் தண்ணீர் விட ஆரம்பித்த பிறகு எனக்குக் குறைந்தது, அறவே போகவில்லை.

கிளைவிடும் சூரியகாந்தி ரகங்களும் இருக்கின்றன. ஒரு செடியிலேயே பல பூ வரும். நான் போட்டுப் பார்த்தது ஒரே ஒரு பாத்தி, தண்டுகள் குட்டையாக வந்தன. அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

படத்துக்காக இன்னமும் இரண்டு வரிசை சூரியகாந்தி விதைக்கிறேன், தோட்டத்தின் மேற்கு ஓரத்தில். இளஞ்செடிதான் சூரியனோடு திரும்பும். பூ முற்றியதும் கிழக்கு பார்த்து நின்றுவிடும். இது தெரியாமல் முன்பு கிழக்கு ஓரத்தில் வைத்திருந்தேன். வந்தவர்கள் எல்லாரும் பூவின் முதுகைத்தான் பார்த்தார்கள்.