கேட் மூடினால்தான் ஐந்தாவது பாட்டு

போன செவ்வாய்க்கிழமை என் காரின் வயிற்றிலிருந்து ஒரு சிடியை வெளியே எடுத்தார்கள். பதினோரு மாதம் உள்ளே கிடந்த சிடி. கார் 2008ஆம் ஆண்டு வண்டி, அதற்கேற்ற நோய்கள் எல்லாம் அதற்கு உண்டு. போன மார்ச்சில் ஒரு நாள் சிடியை வெளியே தள்ளும் பொத்தான் செத்துப்போனது. அதே வாரம் அடுத்த பாட்டுக்குத் தாண்டும் பொத்தானும் போனது. வானொலியின் ஏரியல் அதற்கு முந்தைய வருடமே கார் கழுவும் இடத்தில் முறிந்துவிட்டது. மிஞ்சியது ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் மட்டும். சாவியைத் திருப்பினால் முதல் பாட்டு. பெட்ரோல் போட நிறுத்திவிட்டு மறுபடி கிளப்பினால் மறுபடியும் முதல் பாட்டு. ஒலியை முழுதாகக் குறைத்துவிடலாம்தான். ஆனால் குறைத்தால் முன் சக்கரத்திலிருந்து வரும் முனகல் கேட்கும், அதைக் கேட்டால் செலவுக் கணக்கு நினைவுக்கு வரும். ஆகவே பாட்டு.

சிடி, தி திரில்ஸ் குழுவின் முதல் ஆல்பம், 'சோ மச் ஃபார் த சிட்டி'. குழு டப்ளின், பாட்டில் பாதி கலிபோர்னியா.

வெளியே எடுத்த மறுநாளே பக்கத்துக் குடியிருப்புத் தம்பி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். தொண்டு நிறுவனக் கடையின் பழைய சிடி அடுக்கில் அதே அட்டை. "அக்கா, ஒரு யூரோதான். டப்ளின் குழுவாம். வாங்கலாமா?" அவனுக்கு இரண்டு வரியில் பதில் எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. 2003இல் நான் இதைப் பதினெட்டு யூரோ சொச்சம் கொடுத்து வாங்கினேன். டப்ளினுக்கு வந்து முதல் வருடம். மூன்று செவிலியர்கள் ஒரே அறையில் இருந்தோம். பதினெட்டு யூரோ என்பது அப்போது ஒரு வாரக் காய்கறி.

குழுவைப் பற்றி அறிமுகம் வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். தென் டப்ளினில் வசதியான பிளாக்ராக் பக்கத்து ஐந்து இளைஞர்கள், கோனர் டீஸி பாடகர். வளர்ந்துவரும் குழு என்று அந்தக் கோடையில் எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. அயர்லாந்தில் ஆல்பம் முதலிடம், பிரிட்டனில் மூன்றாமிடம். எங்கள் 46ஏ பஸ்ஸின் மேல்தளத்தில் பள்ளிப் பிள்ளைகள் காதில் மாட்டியிருந்தது பாதி நேரம் இதுதான். (அந்த பஸ் எண்ணே இப்போது இல்லை, ஈ2 ஆகிவிட்டது. எனக்கு இன்னும் வாயில் வரவில்லை.) அப்போதே ஊர் இரண்டாகப் பிரிந்துதான் கிடந்தது. ஒரு பக்கம், எவ்வளவு இனிமை, அறுபதுகளின் இசை திரும்பி வந்துவிட்டது என்றார்கள். இன்னொரு பக்கத்தின் கருத்தை என் மெக்கானிக் போன செவ்வாய்க்கிழமை ஒரே வரியில் சொல்லிவிட்டார். டப்ளினை இரண்டாகப் பிரிக்கும் லிஃபி ஆற்றுக்கு வடக்கே, வசதி குறைந்த பக்கத்தில் பிறந்தவர். சிடியை இடுக்கி போன்ற ஏதோ ஒன்றால் பிடித்து இழுத்து, அட்டையின்றியே அடையாளம் கண்டு, என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இவர்களா? பிளாக்ராக்கிலிருந்து கலிபோர்னியாவுக்கு எத்தனை பஸ் மாற வேண்டும் என்று கேட்டுச் சொல்லுங்கள்."

என் எரிச்சலும் அதுதான், இருபது வருடமாக. ஆனால் நான் அதைச் சொல்லலாம். பதினோரு மாதம் உள்ளே மாட்டிக்கொண்டவள் நான். அவர் யார் சொல்ல?

எரிச்சலை முதலில் கொட்டிவிடுகிறேன். இந்தப் பையன்கள் கலிபோர்னியாவின் சான் டியேகோவில் ஒரு கோடையைக் கழித்துவிட்டு வந்தார்கள். வந்தவர்கள் ஊருக்கு வந்து சேரவே இல்லை. முதல் பாட்டு சான்டா குரூஸ், கலிபோர்னியக் கடற்கரை ஊர். தலைப்பிலேயே, நீ அவ்வளவு தூரமில்லை என்கிறார்கள். டப்ளினிலிருந்து எட்டாயிரம் கிலோமீட்டர். இரண்டாவது பிக் சர், அதுவும் அதே கரை. மூன்றாவது, எங்கள் சூரியனைத் திருடாதே என்று யாரிடமோ மன்றாடுகிறது. எந்தச் சூரியனை ஐயா? நவம்பர் மாதம் காலை ஏழு மணி, வைப்பர் இரண்டாவது வேகத்தில் ஓடுகிறது, கண்ணாடிக்குள் ஆவி, கைவிரல் விறைத்திருக்கிறது. இல்லாத பொருளைத் திருடாதே என்று ஒருவன் காதருகில் கெஞ்சுகிறான். அதுவும் அந்தக் குரலில். கரகரப்பும் மூச்சும் கலந்து, இப்போதுதான் படுக்கையிலிருந்து எழுந்தவன் போல. என் கணவர் இளையராஜாவைத் தவிர எதற்கும் காது கொடுக்காதவர். வண்டியில் ஏறியதும் ஒவ்வொரு முறையும், "இவனுக்கு இன்னும் ஜலதோஷம் விடவில்லையா?" என்பார். பதினோரு மாதமும் அதே நகைச்சுவை. ஆல்பத்தைவிட அதுதான் கொடுமை என்று சில நாள் தோன்றும்.

பிக் சர் பாட்டில் இன்னொரு வேடிக்கை. 'தி மங்கீஸ்' தொலைக்காட்சித் தொடரின் தலைப்புப் பாடலிலிருந்து ஒரு வரியை எடுத்துக் கோர்த்திருக்கிறார்கள். மங்கீஸ் என்பதே 1966இல் தொலைக்காட்சிக்காக ஆள் பொறுக்கி உருவாக்கிய குழு. வேடம் போட்டவர்களிடமிருந்து கடன் வாங்கிய வேடம்.

இவ்வளவு திட்டியபின் நியாயமும் சொல்லியாக வேண்டும். நான் வேலை செய்வது சாண்டிமவுண்ட் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில். அங்கே எண்பது தாண்டிய ஒரு பாட்டியிடம், இளமையில் நடன மண்டபங்களில் ஆடியவர், இந்தப் பையன்களைப் பற்றிப் புலம்பினேன். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவர் காலத்து அயர்லாந்தில் ஷோபாண்ட் என்று ஊர் ஊராகக் குழுக்கள். கோட்டு சூட்டு மாட்டிக்கொண்டு அமெரிக்கப் பாட்டாகப் பாடித் தள்ளினார்கள். வாட்டர்ஃபோர்டின் ராயல் ஷோபாண்டில் பிரெண்டன் பௌயர் எல்விஸ் போல இடுப்பை ஆட்டுவார். 1965இல் அவர்கள் பாடிய 'ஹக்கிள்பக்' இங்கே முதலிடம் பிடித்தது. அது அமெரிக்காவில் நாற்பதுகளிலேயே ஆடி முடித்த மெட்டு. "நாங்கள் யாரும் அவர்களிடம் விலாசம் கேட்கவில்லை" என்றார் பாட்டி. அதற்கு என்ன பதில் சொல்வது? தின் லிஸ்ஸி ராக் குழுவின் ஃபில் லைனட் டப்ளின்காரர், 1976இல் மாடு மேய்க்கும் கௌபாய் பாட்டுப் பாடினார். அவருக்கு ஊர் நடுவில் சிலை வைத்திருக்கிறது. அவ்வளவு ஏன், கடலலைச் சவாரியைப் பாடியே பெயர் வாங்கிய பீச் பாய்ஸ் குழுவில் உண்மையில் அலைமேல் ஏறத் தெரிந்தவர் டிரம் வாசித்த டென்னிஸ் வில்சன் ஒருவர்தான். கலிபோர்னியாவிலேயே கலிபோர்னியா பாதி கற்பனை. ஊட்டிக் குளிருக்கே போர்வை தேடும் நாயகனும் நாயகியும் சுவிட்சர்லாந்துப் பனியில் உருண்டதைப் பார்த்து வளர்ந்த நாம் இதில் வாய் திறக்கவே கூடாது.

இதைவிடப் பெரிய சாட்சி என் வீட்டுக்குத் தெற்கே சில கிலோமீட்டரில் இருக்கிறது. கில்லைனி விரிகுடா நேப்பிள்ஸ் போல இருக்கிறது என்று 19ஆம் நூற்றாண்டுப் பணக்காரர்களுக்குத் தோன்றியது. தோன்றியதோடு நிற்காமல் வீகோ சாலை, சொரெண்டோ சாலை என்று இத்தாலியப் பெயர் வைத்தார்கள். மழைக்கோட்டு போட்டுக்கொண்டு சொரெண்டோவில் நடக்கும் ஊர் இது. இந்தக் கரையில் வளர்ந்த பிள்ளைகள் வேறு கரையைப் பாடாமல் என்ன பாடுவார்கள்? இந்த வாதம் எனக்கு ஆகஸ்ட் மாதம், வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும்போது தோன்றியது. தோன்றிய நாள் மிகப் பெருமையாக இருந்தது. மறுநாள் காலை சாவியைத் திருப்பினேன், சான்டா குரூஸ் ஆரம்பித்தது, பெருமை போய்விட்டது.

ஏனென்றால் எதிர்ப்பக்கத்துக்கும் ஒரு சாட்சி இருக்கிறது. பிரிட்டன், அயர்லாந்து ஆல்பங்களில் சிறந்ததற்குக் கொடுக்கும் மெர்க்குரி விருதின் 2003 இறுதிப் பட்டியலில் இந்த ஆல்பமும் இருந்தது. விருதை வாங்கியவர் ராப் பாடகர் டிஸ்ஸி ராஸ்கல். கிழக்கு லண்டன், இருபதைத் தொடாத வயது, தன் தெருவின் பேச்சிலேயே பாடியவர். அதற்குப் பின் வந்த ஐரிஷ் பிள்ளைகளும் அந்தப் பாதையைத்தான் எடுத்தார்கள். ஃபொன்டெய்ன்ஸ் டி.சி. குழுவின் பெயரிலேயே டப்ளின் சிட்டி ஒளிந்திருக்கிறது, 2019இல் வந்த முதல் ஆல்பம் முழுக்க டப்ளின் உச்சரிப்பு. அதைக் கேட்டுவிட்டு இதைக் கேட்டால், விருந்தாளிகள் முன் ஆங்கிலத்தில் பேசும் பிள்ளையைப் பார்ப்பது போல உடம்பு கூசுகிறது.

சரி, கேட் விஷயத்துக்கு வருகிறேன். தம்பி, நீ மற்றதை எல்லாம் தாண்டிப் போனாலும் இதைப் படி.

நான் டீன்ஸ்கிரேஞ்சிலிருந்து கிளம்பி வேலைக்குப் போய்ச் சேர, காலைப் பணி நாட்களில், ஏறக்குறைய பதினாறு நிமிடம். முதல் நான்கு பாட்டு முடியும், நான் வண்டியை நிறுத்துவேன். மாலையிலும் அதே நான்கு. ஐந்தாவது பாட்டு 'ஒன் ஹார்ஸ் டவுன்'. அதைக் கேட்க வேண்டுமானால் வழியில் தாமதம் ஆக வேண்டும். தாமதம் ஆகும் இடம் ஒன்றே ஒன்று, மெரியன் கேட்ஸ். டார்ட் என்ற டப்ளின் புறநகர் ரயில் கடக்கும் ரயில்வே கேட். அது மூடினால் மூன்று நான்கு நிமிடம் போய்விடும். இருபது வருடமாக அந்த கேட்டைச் சபித்தவள் நான். போன வருடம் நடுவில் என்றைக்கோ, சிவப்பு விளக்கு மின்ன ஆரம்பித்ததும் எனக்குள் ஒரு சின்ன மகிழ்ச்சி எழுந்ததைக் கவனித்தேன். நாற்பதைத் தாண்டியவள், வேலைக்கு நேரமாகிறது, ரயில் வர வேண்டுமே என்று வேண்டிக்கொள்கிறேன்.

அந்தப் பாட்டு அப்படி. பியானோ முன்னால் ஓடுகிறது, மற்றவர்கள் பின்னால் துரத்துகிறார்கள், மூன்று நிமிடத்தில் ஆட்டம் முடிந்துவிடுகிறது. கடற்கரை இல்லை, கலிபோர்னிய ஊர்ப் பெயர் இல்லை. சின்ன ஊரில் தங்கிப்போய்விட்டோமே என்று ஒருவன் துள்ளித் துள்ளி வருந்துகிறான். அந்தக் கரகரக் குரல் இங்கே மட்டும் பொருந்துகிறது, ஏனென்றால் இங்கே அவனுக்கு மெய்யாகவே மூச்சு வாங்குகிறது. தயாரிப்பாளர் டோனி ஹாஃபருக்கும் நன்றி சொல்ல வேண்டும். என் காரின் ஒலிபெருக்கி ஒரு பக்கம்தான் பாடும், அதிலும் டிரம்மும் பியானோவும் ஒன்றையொன்று மிதிக்காமல் தனித்தனியாகக் கேட்கின்றன.

செப்டம்பர் கடைசி வாரம் ஒரு காலை. கேட் மூடியது, ஒன்றல்ல, இரண்டு ரயில். பின் திறந்தது. ஸ்ட்ராண்ட் சாலையில் திரும்பியதும் வலப்பக்கம் கடல் வெகுதூரம் பின்வாங்கி, ஈர மணல் பளபளவென்று கிடக்கிறது. எதிரே பூல்பெக் மின்நிலையத்தின் சிவப்பு வெள்ளைப் புகைபோக்கிகள் இரண்டு. விரிகுடாவின் விளிம்பிலிருந்து சூரியன் எழும்புகிறது, ஐந்தாவது பாட்டின் பியானோ சரியாக அப்போது ஆரம்பிக்கிறது. நான் வண்டியை ஓரம் கட்டினேன். வேலைக்கு ஒன்பது நிமிடம் தாமதம். காரணம் கேட்டார்கள், கேட் என்றேன்.

அதற்கு மேல் அந்த ஆல்பத்தில் என்ன இருக்கிறது என்று கேட்காதே. ஆறிலிருந்து பதினொன்று வரை நெடுஞ்சாலைப் பயணங்களில் மட்டும் கேட்டேன். நன்றாகத்தான் இருக்கிறது, ஒன்றிலிருந்து இன்னொன்றைப் பிரித்தறிவது கடினம். லாஸ் வேகஸும் வந்துவிட்டுப் போகிறது. 2004இல் வந்த இரண்டாவது ஆல்பத்தையும் ஆசையாக வாங்கினேன், யாருக்கோ கொடுத்துவிட்டேன், யாருக்கு என்பது நினைவில்லை. அதில், எண்பதுகளின் சிறுவர் நட்சத்திரம் கோரி ஹெய்ம் என்ன ஆனார் என்று கேட்கும் ஒரு பாட்டு உண்டு. அதே கேள்வியைக் குழுவின் மேல் திருப்பிக் கேட்பது எவருக்கும் தோன்றும் கேலி, நான் விட்டுவிடுகிறேன். 2007இல் மூன்றாவது. அப்புறம் நீண்ட மௌனம்.

ஆக, தீர்ப்பு. வாங்காதே. ஐந்துக்கு இரண்டு மதிப்பெண், அதுவும் ஒரே பாட்டுக்காக. வெயிலுக்கு ஏங்குகிறவனுக்கு வெயிலைப் பற்றிப் பொய் சொல்லும் ஆல்பம் இது, ஒரு யூரோ என்றாலும் யூரோதான். அந்தக் காசுக்கு ஒரு டீ குடிக்க முடியாது, உண்மைதான், ஆனாலும் வாங்காதே.

கேட்டே ஆக வேண்டும் என்றால் என் சிடியைத் தருகிறேன். ஓரத்தில் மெக்கானிக்கின் கீறல் இருக்கிறது, ஆனால் ஐந்தாவது பாட்டுக்கு எதுவும் ஆகவில்லை, பார்த்துவிட்டேன். சனிக்கிழமை இரவுக்குள் திருப்பித் தந்துவிடு. ஞாயிறு எனக்குக் காலைப் பணி.