குவில்ட் பார்டரில் எந்தத் தையல்: கோடா, கயிறா, இறகா, கிறுக்கலா?

குவில்ட் என்றால் மேல்துணி, பஞ்சு விரிப்பு, அடித்துணி மூன்றையும் சேர்த்துத் தைக்கும் போர்வை, அதன் ஓரத்தைச் சுற்றி வரும் பட்டைதான் பார்டர். நடுவில் இருக்கும் கட்டங்களையெல்லாம் பார்த்துப் பார்த்துத் தைத்துவிட்டு, பார்டருக்கு வரும்போது மட்டும் எல்லோருக்கும் கை சோர்ந்துவிடும். சும்மா ரெண்டு கோடு ஓட்டிவிட்டு விளிம்பைக் கட்டி முடித்துவிடலாம் என்று தோன்றும். அங்கேதான் குவில்ட் கெட்டுப்போகிறது. தையல் நெருக்கமாக விழும் இடத்தில் துணியும் உள்ளே இருக்கும் பஞ்சு விரிப்பும் உள்வாங்கும், தையல் குறைவான இடத்தில் அப்படியே நிற்கும். நடுவில் இன்ச்சுக்கு ஒரு தையல் கோடு, பார்டரில் ஐந்து இன்ச்சுக்கு ஒன்று என்றால் விளிம்பு பாவாடைக் கொசுவம் மாதிரி அலையடிக்கும், எவ்வளவு இஸ்திரி போட்டாலும் படியாது. அதனால் டிசைன் அழகா என்பது அப்புறம். நடுவில் இருக்கும் நெருக்கம் பார்டரிலும் வருகிறதா என்பதுதான் முதல் கேள்வி.

60-க்கு 90 இன்ச் ஒற்றைக் கட்டில் குவில்ட், சுற்றிலும் 5 இன்ச் பார்டர், வீட்டுத் தையல் மெஷின் என்று வைத்துக்கொள்வோம்.

விளிம்போடு சேர்ந்து சுற்றி ஓடும் கோடுகள்தான் எல்லோரும் முதலில் எடுப்பது. இன்ச்சுக்கு ஒன்று என்றால் நாலே சுற்று, மூலையில் ஊசியைத் துணிக்குள் இறக்கி வைத்துக்கொண்டு திருப்பினால் போதும், நூல் முனைகள் எட்டோடு முடிந்துவிடும். வேகம் என்று பார்த்தால் இதை அடிக்க ஆளில்லை. ஆனால் நீளமான கோடு மேல்துணியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டே போகும், அது மூலைக்கு வந்ததும் மடிப்பாக நிற்கும். ஒரு சுற்று வலமாகவும் அடுத்தது இடமாகவும் போனால் இரண்டு கோட்டுக்கும் நடுவே துணி சாய்வாக இழுபட்டுச் சுருக்கம் விழும். எல்லாச் சுற்றையும் ஒரே திசையில் ஓட்டுங்கள், மேல்துணியையும் கீழ்த்துணியையும் ஒன்றாக நகர்த்தும் வாக்கிங் ஃபுட் இருந்தால் மாட்டிக்கொள்ளுங்கள்.

இதற்கு நேர் போட்டி, பார்டருக்குக் குறுக்கே விழும் குட்டிக் கோடுகள். பியானோ கட்டைகள் வரிசையாக இருப்பது போலத் தெரிவதால் அந்தப் பெயரிலேயே சொல்கிறார்கள். என் ஓட்டு இதற்குத்தான். பார்டரும் நடுப்பகுதியும் சேரும் உள்பக்கத் தையலில் தொடங்கி வெளியே ஓட்டினால் கூடுதல் துணி எதுவாக இருந்தாலும் விளிம்பு வழியாக வெளியேறிவிடும், மடிப்பு விழ வாய்ப்பு குறைவு. ஒவ்வொரு கோடும் 5 இன்ச்தான், கோணினாலும் கண்ணுக்குத் தெரியாது. தொல்லை எண்ணிக்கையில் இருக்கிறது: உள்பக்கச் சுற்றளவு 260 இன்ச், இன்ச்சுக்கு ஒன்று என்றால் மூலைகளை விட்டே சுமார் 260 கோடுகள். மொத்த நூல் நீளம் சுற்றுக் கோட்டைவிட ரொம்ப அதிகமில்லை, நிறுத்தி நிறுத்தித் தொடங்குவதுதான் உயிரை வாங்கும். ஒரு வழி உண்டு. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பஞ்சு விரிப்பில், பின்னால் வெட்டிவிடப்போகும் பகுதியில், ஒரு இன்ச் நகர்ந்து அடுத்த கோட்டில் உள்ளே வாருங்கள். அங்கிருந்து அந்த உள்பக்கத் தையலின் ஜாயிண்ட் பள்ளத்திலேயே ஒரு இன்ச் நகர்ந்து மறுபடி வெளியே போங்கள். இதில் பாதிக் கோடுகள் உள்நோக்கி வரும் என்பதால் மூன்று அடுக்கும் நகராமல் முன்கூட்டியே போடும் தற்காலிக இணைப்புத் தையலோ பின்னோ நெருக்கமாக இருக்கவேண்டும்.

அடுத்தது கயிறு முறுக்கு, முறுக்கிய கயிறு போல ஓடும் டிசைன். கையால் தைப்பவர்களுக்கு இதைவிட நிறைவான பார்டர் கிடையாது, ஆனால் கணக்கு போடாமல் தொடங்கினால் மூலையில் அரை முறுக்கு அநாதையாக நிற்கும். உதாரணத்துக்கு வேறொரு குவில்ட்டில் பார்டர் நீளம் 63 இன்ச், ஒரு முறுக்கு வரையும் உங்கள் அச்சு 5 இன்ச் என்றால் பன்னிரண்டரைக்குக் கொஞ்சம் மேலே வரும், பொருந்தாது. அச்சை ஐந்தேகால் இன்ச்சாக இழுத்து வரைந்தால் சரியாகப் பன்னிரண்டு. மூலையை முதலில் வரைந்து, மிச்ச நீளத்தை அப்புறம் பங்கிடுங்கள்.

இறகு டிசைன் பார்க்கப் பிரமாதம், சந்தேகமே இல்லை. பென்சில்வேனியாவின் லான்காஸ்டர் பகுதியில் எளிமையாக வாழும் ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவுப் பெண்களின் பழைய கம்பளிக் குவில்ட்களில் அகலமான பார்டரில் இந்த இறகும் கயிறும் அப்படி எடுப்பாகத் தெரிவதற்குக் காரணம் அந்தத் துணிகள் பூவேலை இல்லாத வெறும் நிறம் என்பது. நீங்கள் பார்டருக்குப் பூப்போட்ட துணி எடுத்திருந்தால் இறகு அதற்குள் காணாமல் போய்விடும், உழைப்பு அத்தனையும் பின்பக்கத்தில்தான் தெரியும். அதோடு மெஷினில் ஊசிக்குக் கீழே துணியை நகர்த்தும் பல்லை இறக்கிவிட்டுத் துணியைக் கையால் நகர்த்தித் தைக்கப் பழகியிருக்க வேண்டும்.

பல்லை இறக்கி வளைந்து வளைந்து ஓடும் கிறுக்கல் தையலைப் பலர் மட்டமாகப் பேசுவார்கள். பார்டர் ஏற்கெனவே லேசாக அலையடிக்கிறது என்றால் அதைக் காப்பாற்ற இது நன்றாகக் கைகொடுக்கும், கூடுதல் துணியைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கிவிடும். ரொம்ப நெருக்கமாகப் போட்டால் மட்டும் பார்டர் அட்டை மாதிரி விறைத்துப்போகும்.

பார்டர் என்று தனியாக ஒரு தலைவலியே இல்லாத வழியும் இருக்கிறது. வடகர்நாடகப் பக்கம் ஆப்பிரிக்க வம்சாவளிச் சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவந்தி என்ற குவில்ட்டில் ஓரத்தில் தொடங்கி, துண்டுத் துணிகளை வைத்துக்கொண்டே சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருகிறார்கள், ஒரே ஓட்டத்தையல் விளிம்பிலிருந்து மையம் வரை. நெருக்கம் எங்கும் ஒன்றாக இருக்கும், சிக்கலே எழாது. நடுவை முடித்துவிட்டு இதைப் படிப்பவர்களுக்கு அது உதவாதுதான்.

ஆக, பூத்துணி, மெஷின் என்றால் குறுக்குக் கோடு. வெறும் நிறம், கைத்தையல், அவசரமில்லை என்றால் கயிறு. பழக்கம் வந்த பிறகு இறகு. எதை எடுத்தாலும் பார்டர் பட்டையை வெட்டும்போது நீளத்தைக் குவில்ட்டின் ஓரத்தில் அளக்காமல் நடுவில் அளந்து எடுங்கள், துணியின் நெய்த கரைக்கு இணையாக, பாவு நூல் ஓடும் திசையில் வெட்டுங்கள், அந்தத் திசையில் துணி இழுபடாது. தண்ணீரில் அழியும் நீலப் பேனாவால் டிசைன் வரைந்திருந்தால், கோடு முழுதாகப் போகும்வரை இஸ்திரிப் பெட்டியைப் பக்கத்தில் கொண்டுவராதீர்கள், சூடு பட்டால் கறை அங்கேயே தங்கிவிடும்.