பழைய மினி, புது மினி: எதை வாங்கலாம், எதைப் பார்த்து வாங்கணும்

மினி என்ற பெயரில் இரண்டு பிரிட்டிஷ் குட்டிக் கார்கள் உண்டு. ஒன்று 1959 ஆகஸ்டில் அறிமுகமாகி 2000 அக்டோபர் வரை 53 லட்சத்துக்கும் மேல் தயாரானது. மற்றொன்றை 2001-ல் பிஎம்டபிள்யூ ஆக்ஸ்ஃபோர்டில் தயாரிக்கத் தொடங்கியது. இரண்டுக்கும் முகச்சாடை ஒன்றுதான், ஆனால் உள்ளே இருக்கும் யோசனை முற்றிலும் வேறு. அந்த வித்தியாசம் தெரியாமல் வாங்குபவர்கள்தான் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள்.

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த பழைய மினியின் நீளம் 3.05 மீட்டர், அகலம் 1.41 மீட்டர், எடை 600 கிலோவை ஒட்டி. காரின் தரைப்பரப்பில் 80 சதவீதம் ஆட்களுக்கும் சாமானுக்கும் கிடைக்க வேண்டும் என்பதே அவருடைய கணக்கு. அதற்காக 848 சிசி இன்ஜினைக் குறுக்கே வைத்து, கியர் பாக்ஸை அதன் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்புக்குள்ளேயே இறக்கினார். ரேடியேட்டர் பக்கவாட்டுக்குப் போனது. வீல் 10 அங்குலமாகச் சுருங்கியது. ஸ்பிரிங் இருக்க வேண்டிய இடத்தில் அலெக்ஸ் மோல்டன் உருவாக்கிய ரப்பர் கூம்பு வந்தது. எல்லாமே இடம் மிச்சம் பிடிக்கச் செய்தவை. இந்த வண்டியில் வரும் கோளாறுகளில் பாதி இவற்றிலிருந்தே வருகின்றன.

இன்ஜினுக்கும் கியருக்கும் ஒரே ஆயில் என்பதால், பற்சக்கரங்கள் ஆயிலை அரைத்துச் சீக்கிரம் மெலிய வைத்துவிடும். 20W-50 மினரல் ஆயில் ஏறத்தாழ 5 லிட்டர் பிடிக்கும். அதை 5,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றியே ஆக வேண்டும், இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. ஆயிலை வடிக்கும்போது காந்த டிரெய்ன் பிளக்கைத் துடைத்துப் பாருங்கள். மை போல் படிந்திருந்தால் பயமில்லை. பொடித்துண்டுகளாக இருந்தால் கியர் பாக்ஸைக் கழற்ற வேண்டிவரும், அதற்கு இன்ஜினையும் சேர்த்தே இறக்க வேண்டும். ஓட்டிப் பார்க்கும்போது மூன்றிலிருந்து இரண்டுக்குக் கொஞ்சம் வேகமாக மாற்றுங்கள். கரகரவென்று சத்தம் வந்தால் இரண்டாம் கியரை உரசாமல் விழவைக்கும் சிங்க்ரோ வளையம் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

மழையில் வண்டி நின்றுவிடுவது இன்னொரு பழைய நோய். பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் கிரில்லுக்கு நேர் பின்னால் இருப்பதால் தண்ணீர் நேராக அதன் மேல் அடிக்கும். ரப்பர் உறையும் நல்ல பிளக் வயரும் போட்டால் தீர்ந்துவிடும். சூடேறுவது அவ்வளவு எளிதில் தீராது. பக்கவாட்டு ரேடியேட்டரின் இடுக்குகளில் சேறு அடைத்துக்கொள்ளும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. சிலிண்டர் ஹெட்டுக்கும் வாட்டர் பம்புக்கும் நடுவே இருக்கும் குட்டி பைபாஸ் ஹோஸை எல்லாரும் மறந்துவிடுவார்கள். அது வெடித்தால் வண்டி நடுவழியில் நிற்கும், எட்டி மாற்றுவதும் கஷ்டம். மடிப்பு வைத்த ஹோஸ் என்றால் ஹெட்டைக் கழற்றாமலே அமுக்கிச் செருகலாம்.

ரப்பர் கூம்பு வருடக்கணக்கில் அமுங்கி இறுகிவிடும். வண்டி தாழ்ந்து உட்கார்ந்திருந்தால், குழியில் முதுகு வலித்தால், காரணம் பெரும்பாலும் அதுதான். பின் வீலை ஜாக்கியில் தூக்கி மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால், பின் வீலைத் தாங்கும் ரேடியஸ் ஆர்ம் பேரிங்குக்குக் கிரீஸ் போகவில்லை. புதிய ஷாஃப்ட்டும் புஷ்ஷும் போட்டு, புஷ்ஷின் துளையை ரீமர் என்ற கருவியால் அளவுக்குக் கடைய வேண்டும். இன்ஜினை ஆடாமல் மேலே பிடித்திருக்கும் ஸ்டெடி ராடின் புஷ் தேய்ந்தால் இன்ஜின் முன்னும் பின்னும் ஆடும், கடைசியில் சைலன்சர் பைப் விரிசல் விடும். பைப்பை வெல்டிங் செய்வதற்கு முன் அந்தப் புஷ்ஷை மாற்றுங்கள்.

இவை எல்லாம் சரிசெய்யக் கூடியவை. துரு அப்படியில்லை, செலவின் பெரும்பகுதி அங்கேதான் போகும். கதவுக்குக் கீழே ஓடும் சில், பின் வீல்களைத் தாங்கும் சப்ஃபிரேம், அதைப் பாடியில் பிடிக்கும் இடம், டிக்கியில் பேட்டரி உட்காரும் பெட்டி, விண்ட்ஷீல்டின் கீழ் மூலை என ஒவ்வொன்றையும் தொட்டுப் பாருங்கள். உளுத்த சில்லின் மேல் புதுத் தகடு ஒட்டிப் பட்டி பூசி விற்பது சர்வசாதாரணம். காந்தம் ஒட்டாத இடம் பட்டி. கடலோர ஊர் வண்டி என்றால் பெயின்ட் பளபளப்பை நம்பவே வேண்டாம்.

தினமும் ஓட்டுவதற்கு 1984-க்குப் பின் வந்ததைத் தேடுங்கள். 12 அங்குல வீலும் முன் டிஸ்க் பிரேக்கும் அப்போதிருந்துதான் எல்லா மாடலிலும் வந்தன. அதற்கு முந்தைய சாதாரண மாடல்களில் நான்கு வீலிலும் டிரம் பிரேக். 1996-க்குப் பிறகு ரேடியேட்டரும் முன்னால் வந்துவிட்டது.

2001-ல் வந்த புது மினியின் நீளம் 3.63 மீட்டர், அகலம் 1.69 மீட்டர், எடை 1,100 கிலோவுக்கு மேல். அரை மீட்டருக்கு மேல் நீண்டும் பின் சீட்டில் பெரியவர்கள் நிம்மதியாக உட்கார முடியாது, டிக்கியும் சின்னது. இசிகோனிஸ் கணக்கை இது தொடரவே இல்லை. ஆனாலும் இதை நான் ஒதுக்கமாட்டேன். பின்னால் பல இணைப்புக் கம்பிகளால் வீலைப் பிடிக்கும் மல்டி-லிங்க் சஸ்பென்ஷன், நான்கு மூலையிலும் வீல், கைக்கு உடனே பதில் சொல்லும் ஸ்டீயரிங். வளைவில் பழையதன் குணத்தை இவ்வளவு பிடித்த மறுபிறவி வேறு இல்லை. குடும்பக் கார் என்று நினைக்காமல் சின்ன ஸ்போர்ட்ஸ் காராக வாங்கினால் ஏமாற்றம் வராது.

முதல் தலைமுறைப் புது மினியின் 'ஒன்', 'கூப்பர்' மாடல்களில் 2004 நடுப்பகுதி வரை வந்த ஐந்து கியர் பெட்டியின் பேரிங் பலவீனமானது. ஓடும்போது ஊளைச் சத்தம் கேட்டு, கிளட்சை மிதித்ததும் நின்றால் விலகிவிடுங்கள். அதற்குப் பின் வந்த கெட்ராக் கம்பெனிப் பெட்டி நல்லது. பவர் ஸ்டீயரிங் மின் பம்பைக் குளிர்விக்க அடியில் ஒரு சின்ன ஃபேன் இருக்கிறது. அது நின்றுபோனால் பம்ப் வெந்துபோகும், ஃபேனை மட்டும் மாற்றும் செலவோ சொற்பம். பானட்டைத் திறந்து முன் சஸ்பென்ஷன் தண்டான ஸ்ட்ரட்டின் மூன்று போல்ட்டைச் சுற்றித் தகரம் உப்பியிருக்கிறதா என்றும் பாருங்கள். பஞ்சரானாலும் ஓடக்கூடிய கெட்டியான ரன்-ஃபிளாட் டயரும் மோசமான ரோடும் சேர்ந்தால் அப்படி ஆகும். சாதாரண டயர் போட்டால் சவாரி மென்மையாகும், ஆனால் ஸ்டெப்னிக்கு இடமில்லாத மாடலில் பஞ்சர் கிட் அவசியம்.

2006 இறுதியில் வந்த இரண்டாம் தலைமுறையில், கூப்பர் எஸ் மாடலின் ஆரம்பகால டர்போ இன்ஜினான என்14-ஐ எச்சரிக்கையோடு அணுக வேண்டும். காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் டீசல் வண்டி போல் கடகடத்தால் டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் அதை வழிநடத்தும் கைடும் போய்விட்டன. இந்த இன்ஜின் ஆயில் குடிக்கும். அளவு குறையும்போது டென்ஷனருக்கு அழுத்தம் கிடைப்பதில்லை. 1,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை டிப்ஸ்டிக் பார்த்து, 8,000-லேயே ஆயில் மாற்றினால் தப்பிக்கலாம். இன்டேக் வால்வில் கரி படிவதும் இதற்கு உண்டு, அதை வால்நட் ஓட்டுத்தூள் அடித்துச் சுத்தம் செய்வார்கள். 2010-க்குப் பின் வந்த என்18 எவ்வளவோ மேல்.

மற்ற மறுபிறவிகள் பழைய அமைப்பை இன்னும் முழுசாகக் கைவிட்டவை. ஃபோக்ஸ்வாகனின் நியூ பீட்டிலில் இன்ஜின் பின்னாலிருந்து முன்னால் போய்விட்டது, அடிப்படை அதே கம்பெனியின் கோல்ஃப் கார்.  1957-ன் ஃபியட் 500-ல் பின்னால் காற்றில் குளிரும் 479 சிசி இன்ஜின், 2007-ன் 500-ல் அடியில் இருப்பது ஃபியட்டின் பாண்டா கார். இரண்டிலுமே சர்வீஸுக்கு அந்த அடிப்படை மாடலின் பாகங்கள் பலவும் பொருந்தும், வாங்குபவருக்கு அது நல்ல லாபம்.

என் தேர்வைக் கேட்டால், பழையதில் துரு இல்லாத பாடியுள்ள 1990-களின் 1275 சிசி. இன்ஜின் எப்படி இருந்தாலும் பரவாயில்லை. புதியதில் முதல் தலைமுறையின், 2004 நடுப்பகுதிக்குப் பிந்தைய, இன்ஜினுக்குக் காற்றை அழுத்தித் தரும் சூப்பர்சார்ஜர் வைத்த கூப்பர் எஸ். அதன் வாட்டர் பம்ப் சூப்பர்சார்ஜரிலிருந்தே ஓடுவதால், பம்பை மாற்றும்போது சூப்பர்சார்ஜரின் கியர் ஆயிலையும் மாற்றச் சொல்லுங்கள்.