பழங்காநத்தம் ஆட்டோ எலெக்ட்ரீஷியன் கடை: டைனமோவை மாற்றச் சொல்லாத மனிதர்

என்னுடையது 2009 மாடல் டர்போ டீசல் கார். திருமங்கலம் தாண்டும்போது பேட்டரி லைட் எரிந்தது, மறுநாள் காலையில் ஸ்டார்ட்டர் இழுத்து இழுத்துச் சுற்றியது. வேறொரு ஒர்க்‌ஷாப்பில் பார்த்த உடனே ஆல்டர்னேட்டர் (பேட்டரிக்கு சார்ஜ் போடுகிற டைனமோ) போச்சு, புதுசு போடணும் என்றார்கள், மீட்டர்கூட வைத்துப் பார்க்கவில்லை.

அப்புறம்தான் மதுரை பழங்காநத்தம் பக்கம் இருக்கிற இந்தச் சின்னக் கடைக்குப் போனேன். அண்ணன் முதலில் பெல்ட்டை அழுத்திப் பார்த்தார். பிறகு இன்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட்டும் ஏசியும் போட்டு மல்டிமீட்டர் வைத்தார். பேட்டரியில் 12.4 வோல்ட், ஆனால் ஆல்டர்னேட்டரிலேயே வைத்தால் 14.3! "டைனமோ நல்லா சார்ஜ் போடுது தம்பி, கரண்டு வழியில நிக்குது" என்றார். பிளஸ் பக்கம் இழப்பு 0.1 வோல்ட்தான். ஆல்டர்னேட்டர் உடம்புக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே 1.8 வோல்ட், அங்கே 0.2-க்கு மேல் போகவே கூடாதாம்.

கியர்பாக்ஸில் முறுக்கியிருந்த எர்த் பட்டையை, அதாவது கரண்டு பேட்டரி மைனஸுக்குத் திரும்பிப் போகிற பட்டையை, கழற்றிக் காட்டினார், லக்குக்கு (போல்ட் மாட்டுகிற முனை வளையம்) அடியில் பச்சையாகப் பூத்து, பாதி இழைகள் அறுந்து கிடந்தன. புதுப் பட்டை போட்டு, இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, கிரீஸ் தடவினார். டர்போ பக்கம் போகிற வயரில் சூட்டில் இன்சுலேஷன் மொறுமொறுவென்று ஆகியிருந்ததையும் பார்த்து, அதற்கும் உறை போட்டுவிட்டார். இப்போது எல்லா லோடிலும் பேட்டரியில் 14.1 நிற்கிறது.

மொத்தம் 650 ரூபாய். நிழல் கிடையாது, ஒரு மணி நேரம் வெயிலில் நிற்கணும், சனிக்கிழமை கூட்டம் அதிகம், காலையிலேயே போய்விடுங்கள்.